பதக்கம் வாங்கிய பலகையில் பூஞ்சை

நான் படிவம் 4 படித்தபோது ஒரு புத்தாக்கப் போட்டியில் எங்கள் குழு பதக்கம் வாங்கியது. தேங்காய் நாரைச் சிறிது சிறிதாக வெட்டி, வெள்ளைப் பசையில் பிசைந்து, அச்சில் அழுத்திக் காயவைத்து ஒரு சாண் அகலத்தில் பலகை செய்திருந்தோம். பக்கத்தில் இருந்த அட்டையில் ‘நூறு விழுக்காடு பசுமைப் பலகை’ என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தோம். நடுவர்கள் பலகையைத் தட்டிப் பார்த்தார்கள், தலையை ஆட்டினார்கள், நாங்கள் மேடை ஏறினோம். பத்து பாகாட்டில் இருக்கும் எங்கள் வீட்டின் கண்ணாடி அலமாரியில், பதக்கத்துக்குப் பக்கத்திலேயே அம்மா அந்தப் பலகையை நிறுத்தி வைத்தார்.

ஆண்டு இறுதி மழை வந்தது. ஒரு நாள் அலமாரியைத் துடைக்கப் போன அம்மா என்னைக் கூப்பிட்டார். பலகையின் ஓரம் ஊதியிருந்தது. அதன் மேல் கரும்பச்சை நிறத்தில் பூஞ்சை படர்ந்திருந்தது. கையில் எடுத்தால் நார் தனியாகவும் பசை தனியாகவும் பிய்ந்து வந்தது. பதக்கம் மட்டும் அப்படியே பளபளத்தது. பலகையைக் குப்பையில் போட்டுவிட்டு அலமாரியைத் துடைத்தோம். அதற்குப் பிறகு அந்தப் பலகை என்ன ஆயிற்று என்று யாரும் எங்களைக் கேட்கவில்லை. நாங்களும் யாரிடமும் சொல்லவில்லை.

இன்று நான் வெளி மாநிலத்தில் மூலப்பொருள் பொறியியல் படிக்கும் இரண்டாம் ஆண்டு மாணவி. அன்னாசி இலையில் பலகை, செம்பனைக் கழிவில் ஓடு, தேங்காய் மட்டையில் செங்கல் என்று நம் பள்ளிப் பிள்ளைகள் படைத்துப் பரிசு வாங்கும் செய்திகளை நாளிதழில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது. கூடவே அந்தப் பூஞ்சை பிடித்த பலகையும் நினைவுக்கு வருகிறது. தாவரக் கழிவிலிருந்து நல்ல பொருள் செய்ய முடியும் என்பதை நான் நம்புகிறேன். ஆனால், ‘பசுமை’ என்று அட்டையில் எழுதுவதற்கு முன் நாம் செய்யவேண்டிய வேலை நிறைய இருக்கிறது. அந்த வேலையைப் பற்றித்தான் உங்களிடம் பேச வந்திருக்கிறேன்.

மண் சுவரும் மீன்பிடிப் படகும்

வகுப்பில் ‘கொம்போசிட்’ என்று சொல்லப்படுவதைத் தமிழில் கூட்டுப்பொருள் என்கிறோம். பெயர் புதிதாக இருந்தாலும் சங்கதி பழையது. வெறும் களிமண்ணால் எழுப்பிய சுவர் காய்ந்ததும் வெடிக்கும். அதே மண்ணில் வைக்கோலைக் கலந்து மிதித்தால், விரிசல் பெரிதாகாமல் வைக்கோல் பிடித்துக்கொள்ளும். மண் வடிவத்தைத் தருகிறது, வைக்கோல் இழுவையைத் தாங்குகிறது. இரண்டும் சேர்ந்தால் தனித்தனியே இல்லாத ஒரு பலம் கிடைக்கிறது.

நம் கடற்கரையில் நிற்கும் ‘ஃபைபர்’ படகுகளும் இதே வகைதான். அங்கே மண்ணுக்குப் பதில் பிசின், வைக்கோலுக்குப் பதில் கண்ணாடி இழை. கண்ணாடி இழை மிகவும் வலுவானது, தண்ணீரை உறிஞ்சாது. ஆனால், அதைச் செய்யக் கண்ணாடியை 1,000 டிகிரி செல்சியசுக்கும் மேலான சூட்டில் உருக்கவேண்டும். எடையும் அதிகம்: ஒரு கன சென்டிமீட்டர் ஏறக்குறைய 2.5 கிராம். தாவர நார்களோ பொதுவாக 1.2 முதல் 1.5 கிராம் வரைதான் இருக்கும். வெயிலும் மழையும் வளர்த்துவிட்ட இழையை, எடையும் குறைவாக, அதுவும் கழிவிலிருந்தே எடுக்க முடியும் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது?

நம் ஊரைச் சுற்றிக் கிடப்பது

ஆயர் ஈத்தாமிலிருந்து யோங் பெங் வரை போய்ப் பாருங்கள். சாலையின் இருபுறமும் செம்பனை. கடற்கரைப் பக்கம் செங்காராங், ரெங்கிட் என்று இறங்கினால் பாரிட் வாய்க்கால்களின் ஓரமாகத் தென்னை. பக்கத்து மாவட்டமான பொந்தியானில் ஓர் ஊரின் பெயரே பெக்கான் நானாஸ், அதாவது அன்னாசிப் பட்டணம். நார் கிடைக்கும் மூன்று பெரிய பயிர்களும் நம் கண்ணெதிரே இருக்கின்றன.

செம்பனையை எடுத்துக்கொள்வோம். மலேசியாவில் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-இல் சிலாங்கூரின் தென்னமாரம் தோட்டத்தில் தொடங்கியது. இன்று நாடு ஆண்டுக்கு 18 மில்லியன் டன்னுக்கு மேல் கச்சா பாமாயில் எடுக்கிறது. ஆலைக்கு 100 கிலோ குலை போனால், எண்ணெயாக வெளியே வருவது ஏறக்குறைய 20 கிலோ. பழம் உதிர்ந்த பின் வெறும் குலையாக எஞ்சுவதும் கிட்டத்தட்ட அதே அளவு, 20 கிலோவுக்குச் சற்று அதிகம். சுருங்கச் சொன்னால், ஒரு டன் எண்ணெய்க்கு ஒரு டன் வெறுங்குலை. அதில் பாதிக்கு மேல் தண்ணீர் என்பதையும் மறக்கக்கூடாது. மீதியில் பெரும்பகுதி நார்.

எல்லா நாரும் ஒன்றல்ல. அன்னாசி இலை நாரில் செல்லுலோஸ் மிகுதி. அதன் நுண்ணிழைகள் நாரின் நீளத்தோடு ஏறக்குறைய ஒரே திசையில் ஓடுகின்றன. அதனால் அது விறைப்பாகவும் வலுவாகவும் இருக்கும். தென்னை நாரில் லிக்னின் அதிகம், அதன் நுண்ணிழைகள் சுருள் வில்லைப் போல் சாய்வாகச் சுற்றியிருக்கின்றன. எனவே, அது இழுத்தால் நீளும், சட்டென்று அறுந்துவிடாது. கால்மிதிக்கும் மெத்தைக்கும் தென்னை நார் ஏன் பொருந்துகிறது என்பது இதிலிருந்து புரியும். எந்த நாரை எதற்குப் பயன்படுத்துவது என்ற முதல் கேள்விக்கே நாங்கள் அந்தப் போட்டியில் விடை தேடவில்லை. தேங்காய் மட்டை வீட்டுக்குப் பின்னால் கிடந்தது, எடுத்துக்கொண்டோம், அவ்வளவுதான்.

நாருக்குத் தண்ணீர் மேல் ஆசை

2023 மார்ச் மாதம் பத்து பாகாட்டை மூழ்கடித்த வெள்ளத்தை நம் ஊர்க்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தண்ணீர் வடிந்த பிறகு வீதியோரம் குவிந்து கிடந்தவற்றைப் பார்த்தேன். அலமாரிகள், எழுதும் மேசைகள், கட்டில் பலகைகள். மரத்தூளையும் பசையையும் அழுத்திச் செய்த மலிவுப் பலகைகள் எல்லாம் ரொட்டியைப் போல் ஊதியிருந்தன. அவையும் ஒருவகைக் கூட்டுப்பொருள்தான். என் பதக்கப் பலகைக்கு மழைக்காலத்தின் ஈரக்காற்றில் நடந்தது, அவற்றுக்கு வெள்ளத்தில் நடந்திருந்தது.

காரணத்தைப் பல்கலைக்கழகத்தில்தான் முழுமையாகப் படித்தேன். செல்லுலோசின் மூலக்கூறுகளில் தண்ணீரை ஈர்க்கும் பகுதிகள் ஏராளம். நெகிழியும் பிசினும் பெரும்பாலும் தண்ணீரை ஒதுக்குபவை. ஒன்று தண்ணீரைத் தேடுவது, மற்றொன்று அதை விலக்குவது. இந்த இரண்டையும் ஒட்டவைத்தால் நடுவில் இடைவெளி விழும். அந்த இடைவெளிக்குள் ஈரம் நுழையும், நார் ஊதும், காய்ந்ததும் சுருங்கும். சில முறை இப்படி நடந்தால் நாருக்கும் பிசினுக்கும் உள்ள பிடிப்பு விட்டுப்போகும். பிடிப்பு இல்லாத நார் எந்தச் சுமையையும் தாங்காது. அது பலகைக்குள் சும்மா படுத்திருக்கும் ஒரு நூல்.

முதலாம் ஆண்டு இறுதியில் எங்கள் நால்வர் குழு, வெறுங்குலை நாரையும் எபோக்சிப் பிசினையும் கொண்டு மாதிரிகள் செய்தது. முதல் தொகுதியை இழுவைச் சோதனையில் வைத்தோம். முறிந்த இடத்தைப் பார்த்ததும் எனக்குப் பழைய பலகைதான் நினைவுக்கு வந்தது. நார்கள் அறுபடவே இல்லை. பிசினிலிருந்து முழுசாக உருவிக்கொண்டு வந்திருந்தன. உருவிய இடத்தில் வழவழப்பான ஓட்டைகள். நார் சேர்க்காத வெறும் எபோக்சி மாதிரி, எங்கள் ‘வலுவூட்டிய’ மாதிரியைவிட அதிகச் சுமை தாங்கியது. நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

அந்த வார இறுதியில் யோங் பெங் பக்கம் இருக்கும் பாட்டி வீட்டுக்குப் போனேன். பாட்டி சிறுவயதில் பால்மரம் வெட்டியவர். தோட்டம் செம்பனைக்கு மாறிய பிறகு உதிரிப் பழம் பொறுக்கியவர். இப்போது வீட்டில் உட்கார்ந்து மட்டையிலிருந்து ஈர்க்கு சீவி விளக்குமாறு கட்டுகிறார். என் சோகத்தைக் கேட்டுவிட்டு, கையிலிருந்த ஈர்க்கைக் காட்டிச் சொன்னார்: “ஈரத்தோட கட்டினா ரெண்டு வாரத்துல கருத்துப்போயிரும், ம்மா. முதல்ல நல்லாக் கழுவணும், வெயில்ல காயணும், கனம் பார்த்துப் பிரிக்கணும். கட்டுறது கடைசி வேலை.”

நாங்கள் ‘கட்டுவதில்’ மட்டுமே கவனம் வைத்திருந்தோம். ஆலையிலிருந்து வரும் வெறுங்குலையில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியிருக்கும். அதன் மேல் பிசின் எப்படிப் பிடிக்கும்? அடுத்த தொகுதிக்கு நாரைச் சோப்புத் தண்ணீரில் கழுவினோம். நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைத்தோம். இந்தக் காரம் நாரின் மேலிருக்கும் மெழுகையும் பிசுக்கையும் கரைத்து, மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கும். மறுபடியும் கழுவி, அடுப்பில் காயவைத்து, நீளம் பார்த்துப் பிரித்தோம். மூன்று வாரம் ஆனது. இம்முறை முறிந்த இடத்தில் உருவிய நார்கள் குறைவு, அறுந்த நார்கள் அதிகம். நார் வேலை செய்திருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். வெறும் எபோக்சியைவிட இந்த மாதிரிகள் அதிகச் சுமையும் தாங்கின. நாங்கள் துள்ளிக் குதித்தோம்.

ஐந்தில் நான்கு பங்கு

பிறகு விளக்க அட்டை தயாரிக்கும் வேலை வந்தது. ‘சுற்றுச்சூழலுக்கு உகந்த, மக்கும் கூட்டுப்பொருள்’ என்று தலைப்பிட்டேன். கை தானாகவே எழுதியது. விரிவுரையாளர் அட்டையைப் படித்துவிட்டு மூன்றே கேள்விகள் கேட்டார். இதில் நார் எத்தனை விழுக்காடு? எபோக்சி மக்குமா? காரத்தில் ஊறவைத்த தண்ணீரை எங்கே ஊற்றினீர்கள்?

நார் எடையில் 20 விழுக்காடு. மீதி 80 விழுக்காடு பெட்ரோலியத்திலிருந்து வந்த எபோக்சி. அது ஒருமுறை இறுகிவிட்டால் மறுபடியும் உருகாது, மண்ணில் மக்கவும் மக்காது. மூன்றாம் கேள்விக்கு நான் பதில் சொல்லவே இல்லை. காரத்தை நடுநிலையாக்காமல் தொட்டியில் ஊற்றியது நான்தான்.

இப்படி யோசித்துப் பாருங்கள். தனி எபோக்சிப் பலகையை உடைத்துப் பிசினைப் பிரித்தெடுப்பதே கடினம். அதற்குள் நாரையும் கலந்துவிட்டால், நாரும் திரும்ப வராது, பிசினும் திரும்ப வராது. மண்ணில் சில மாதங்களில் மக்கிப் போயிருக்கவேண்டிய நாரை, மக்காத ஒன்றுக்குள் நாங்கள் பூட்டிவைத்திருந்தோம்.

இது எங்கள் சிறிய ஆய்வகத்தில் மட்டும் நடந்த கதை என்று நினைக்கவேண்டாம். கிழக்கு ஜெர்மனியில் 1957 முதல் 1991 வரை ‘டிராபான்ட்’ என்ற கார் தயாரிக்கப்பட்டது. எஃகுக்குத் தட்டுப்பாடு நிலவிய நாட்டில், அந்தக் காரின் வெளிப்புறத் தகடுகளைக் கழிவுப் பருத்தி இழையையும் ஃபீனால் பிசினையும் அழுத்திச் செய்தார்கள். ஏறக்குறைய மூன்று மில்லியன் கார்கள் அப்படி உருவாயின. தாவரக் கழிவு நாரால் பெரிய அளவில் பொருள் செய்ய முடியும் என்பதற்கு அதைவிடப் பெரிய சான்று வேண்டுமா? தகடு துருப்பிடிக்கவும் இல்லை. ஆனால், பெர்லின் சுவர் விழுந்து மக்கள் அந்தக் கார்களைக் கைவிட்டபோது, உருக்கவும் முடியாத, மக்கவும் மக்காத அந்தத் தகடுகளை என்ன செய்வது என்பது தலைவலியாகிவிட்டது. பருத்தி கலந்திருந்தது என்பதற்காக அது பசுமைப் பொருளாகிவிடவில்லை.

நான் தலைப்பை அடித்தேன். ‘வெறுங்குலை நார் சேர்த்து எபோக்சியின் அளவை ஐந்தில் ஒரு பங்கு குறைக்கும் முயற்சி’ என்று மாற்றினேன். குழுவில் ஒருவருக்கு வருத்தம்தான். “இப்படி எழுதினா யார் பரிசு கொடுப்பா?” என்றார். பரிசும் கிடைக்கவில்லை. ஆனால், அந்த அட்டையில் இருந்த ஒவ்வொரு சொல்லுக்கும் என்னால் பதில் சொல்ல முடிந்தது.

கழிவு யாருக்குக் கழிவு?

இன்னொரு கேள்வியும் உண்டு. நாம் கழிவு என்று சொல்வது உண்மையிலேயே கழிவுதானா?

வெறுங்குலையில் பொட்டாசியம் போன்ற சத்துகள் உள்ளன. பல தோட்டங்கள் அதைச் செம்பனை மரங்களுக்கு நடுவே பரப்பிவிடுகின்றன. அது மண்ணின் ஈரத்தைக் காத்து, மெல்ல மக்கி, உரமாகிறது. அந்தக் குலைகளை எல்லாம் அள்ளிக்கொண்டு போய் நாம் பலகை செய்தால், தோட்டக்காரர் அதற்கு ஈடாக உரம் வாங்கிப் போடவேண்டி வரும். மறுபக்கம், குலையை முறையாகப் பரப்பாமல் ஓரிடத்தில் குவித்துவைத்தால், அங்கே காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகி, இளம் செம்பனைகளின் குருத்தைக் குடையும். அப்படிக் குவிந்து கிடக்கும் இடத்திலிருந்து எடுத்தால் நன்மை. பயனில் இருக்கும் இடத்திலிருந்து பிடுங்கினால் இழப்பு. இரண்டுக்கும் பெயர் ஒன்றுதான், ‘விவசாயக் கழிவு’.

அன்னாசியின் கதை சற்று வேறு. ஜொகூரின் கரிமண் நிலங்களில் அன்னாசி நன்றாக விளைகிறது. அறுவடைகள் முடிந்து புதிதாக நடும்போது பழைய செடிகளை அகற்றவேண்டும். நெருப்பு வைப்பது பழைய வழக்கம். ஆனால், கரிமண்ணில் தீ பிடித்தால் அது தரைக்கு அடியிலேயே நாள்கணக்கில் புகைந்துகொண்டிருக்கும். திறந்தவெளியில் எரிப்பதை 1974-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டம் தடைசெய்கிறது. இங்கே இலையை நாராக எடுப்பது, எரிப்பதற்கு ஒரு மாற்றாகலாம். ஆனால், அதிலும் கணக்கு இருக்கிறது. பச்சை இலையின் எடையில் நாராகத் தேறுவது சில விழுக்காடு மட்டுமே. தண்ணீரும் சக்கையுமான மீதியைத் தோட்டத்திலிருந்து லாரியில் ஏற்றிக்கொண்டு நூறு கிலோமீட்டர் போனால், லாபமும் போய்விடும், டீசல் புகையும் கூடிவிடும். நாரைத் தோட்டத்துக்குப் பக்கத்திலேயே பிரித்தெடுக்கும் சிறிய இயந்திரமும், அதை இயக்கும் ஆட்களுக்கு நியாயமான கூலியும் கிடைத்தால்தான் இது ஒரு தொழிலாகும்.

பால்மரம் காட்டிய வழி

இதையெல்லாம் படித்துவிட்டு, “அப்படியானால் இது நடக்காத காரியமா?” என்று கேட்பீர்கள். நடக்கும். நம் பக்கத்து ஊரிலேயே நடந்திருக்கிறது.

பாட்டி பால் வெட்டிய காலத்தில், 25 வயதைத் தாண்டிப் பால் வற்றிய ரப்பர் மரங்களுக்கு மதிப்பில்லை. சாய்த்து விறகாக்குவார்கள், இல்லையென்றால் தோட்டத்திலேயே எரிப்பார்கள். அந்த மரத்தில் மாவுச்சத்து அதிகம். வெட்டிய சில நாள்களிலேயே நீலக் கறை படியும், வண்டு துளைக்கும். ‘இது மரமே இல்லை’ என்பதுதான் அன்றையப் பேச்சு. பிறகு, கெப்போங்கில் உள்ள வன ஆராய்ச்சி நிலையம் உள்ளிட்ட இடங்களில் ஆய்வாளர்கள் அதற்கு வழி கண்டார்கள். வெட்டியவுடன் தாமதிக்காமல் அறுக்கவேண்டும். போரான் உப்புக் கரைசலை அழுத்தம் கொடுத்து மரத்துக்குள் செலுத்தவேண்டும். பிறகு சூளையில் அளவோடு உலர்த்தவேண்டும். கேட்பதற்குச் சாதாரணமான இந்த மூன்று வேலைகளும் சேர்ந்து, எரிபொருளாக இருந்த மரத்தைத் தளவாடமாக்கின. இன்று நம் அண்டை ஊரான மூவார், மலேசியத் தளவாடத் தொழிலின் முக்கிய மையம். அங்கிருந்து கப்பலேறும் நாற்காலி, மேசைகளில் பெரும்பங்கு ரப்பர் மரம்தான்.

நம் தாத்தா பாட்டிகள் தினமும் விடிகாலையில் தொட்ட மரம், கழிவு என்ற பெயரை இப்படித்தான் உதறியது. யாரோ ஒருவர் ஒரே நாளில் கண்டுபிடித்த அதிசயத்தால் அது நடக்கவில்லை. ஈரத்தையும் வண்டையும் கறையையும் ஆண்டுக்கணக்காக எதிர்கொண்ட பொறுமையான வேலையால் நடந்தது. தாவர நார்க் கூட்டுப்பொருளுக்கும் அதே பொறுமைதான் தேவை.

பொருத்தமான இடத்தைத் தேர்ந்தெடுத்தால் இன்றே பயன் உண்டு. ஐரோப்பியக் கார்களின் கதவு உட்புறப் பலகைகளில் ஆளி, சணல், கெனாஃப் நார்களைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறார்கள். அங்கே மழை படாது, எடை குறைந்தால் எரிபொருள் மிச்சம். பிசினுக்குப் பதில் பாலிபுரோப்பிலின் போன்ற உருகும் நெகிழியைச் சேர்க்கும்போது, பொருளை மீண்டும் உருக்கவும் ஒரு வாய்ப்பிருக்கிறது. பாலிபுரோப்பிலின் 165 டிகிரி செல்சியஸ் வாக்கில் உருகும், தாவர நார் 200 டிகிரியைத் தாண்டினால் கருகத் தொடங்கும். அந்த இடைவெளிக்குள் வேலையை முடித்தாகவேண்டும். நம் பாரிட் ராஜாவில் உள்ள துன் ஹுசேன் ஓன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தென்னை நார், கெனாஃப், செம்பனை மட்டை நார் ஆகியவற்றை ஒலியை உறிஞ்சும் பலகைகளாக்கிச் சோதித்திருக்கிறார்கள். அங்கே நார்களுக்கு இடையிலுள்ள காற்று இடைவெளிதான் ஒலியை அடக்குகிறது. சுமை தாங்கவேண்டிய பலகையில் குறையாக இருந்தது, அங்கே குணமாகிவிடுகிறது. நாற்றுத் தொட்டி செய்தால் மக்குவதே அதன் நோக்கம், அதற்கு எபோக்சி தேவையே இல்லை.

அட்டையில் எழுதுவதற்கு முன்

இடைநிலைப்பள்ளியில் படிக்கும் தம்பி தங்கைகளுக்கும், என்னைப் போல் பல்கலைக்கழகத்தில் இருக்கும் நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை நார்ப் பலகை செய்யும்போது, அட்டையில் ‘பசுமை’ என்று எழுதுவதற்கு முன் நான்கு கேள்விகளுக்கு விடை எழுதிவிடுங்கள். இந்த நாரை நாம் எடுக்காவிட்டால் அது என்ன ஆகியிருக்கும்? இதில் நாரைத் தவிர மற்றது என்ன, எத்தனை பங்கு? இதைச் செய்யும்போது எவ்வளவு தண்ணீர், என்ன இரசாயனம், எவ்வளவு சூடு செலவானது? உடைந்த பிறகு இது எங்கே போகும்? நான்கில் ஒன்றுக்கு விடை தெரியாவிட்டால், தெரியவில்லை என்றே எழுதுங்கள். அதில் வெட்கம் எதுவும் இல்லை.

இன்னொன்று: மாதிரிப் பலகை ஒன்றைக் கூடுதலாகச் செய்து, எடைபோட்டு, ஒருநாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து மறுபடியும் எடைபோடுங்கள். ஒரு தராசும் ஒரு வாளியும் போதும். எடை எவ்வளவு கூடியது, கனம் எவ்வளவு ஊதியது என்று அட்டையில் போடுங்கள். எண் மோசமாக இருந்தாலும் போடுங்கள். அடுத்த ஆண்டு உங்கள் பள்ளியில் அதே திட்டத்தைத் தொடரும் பிள்ளைகள், நீங்கள் நின்ற இடத்திலிருந்து தொடங்குவார்கள். இப்போது ஒவ்வோர் ஆண்டும் எல்லாரும் முதலிலிருந்தே தொடங்குகிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் ஏதோ ஒரு வீட்டு அலமாரியில் பூஞ்சை பிடிக்கிறது.

போட்டி நடத்தும் பெரியவர்களிடமும் பணிவோடு ஒன்று கேட்கிறேன். புதுமைக்கும் படைப்புக்கும் மதிப்பெண் தருகிறீர்கள். நீடித்து நிற்பதற்கும், உண்மையை ஒப்புக்கொள்வதற்கும் சில மதிப்பெண்களை ஒதுக்குங்கள். ‘எங்கள் பலகை ஈரத்தில் ஊதியது, காரணம் இது’ என்று ஒரு பதினாறு வயதுப் பிள்ளை சொன்னால், அந்தப் பிள்ளைக்கும் மேடையில் இடம் இருக்கட்டும். எனக்கு அப்படி ஒரு மேடை இருந்திருந்தால், பூஞ்சை பிடித்த பலகையைக் குப்பையில் போட்டிருக்க மாட்டேன். அதைப் பள்ளிக்கு எடுத்துப் போயிருப்பேன்.

இந்த விடுமுறையில் மூன்று சிறிய பலகைகளைப் பாட்டி வீட்டுத் தாழ்வாரத்தில் கம்பியில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். ஒன்று கழுவாத நார், ஒன்று கழுவியது, ஒன்று காரத்தில் ஊறவைத்தது. இம்முறை காரத் தண்ணீரை வினிகர் ஊற்றி நடுநிலையாக்கி, சோதனைத் தாளில் பார்த்த பிறகே ஊற்றினேன். வாரம் ஒருமுறை பாட்டி கைப்பேசியில் படம் எடுத்து அனுப்புகிறார். மழை தொடங்கிவிட்டது. கழுவாத பலகையின் ஓரம் இப்போதே கருக்க ஆரம்பித்திருக்கிறது. மற்ற இரண்டும் இதுவரை தாங்குகின்றன. எத்தனை வாரம் தாங்கும் என்று எழுதிவைக்க ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கியிருக்கிறேன்.